21 மைல், 33 லாக்: நேரோபோட்டில் முதல் வளையப் பயணம்

இங்கிலாந்தின் கால்வாய்களில் வாடகைப் படகு எடுப்பவர்களில் பலர் வளையப் பாதையைத்தான் விரும்புகிறார்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம், பார்த்த கரையை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. ஆனால் வளையத்துக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. பாதித் தூரத்தைக் கடந்துவிட்டால் திரும்பி வருவதைவிட முன்னே போவதுதான் பக்கம். முன்னே ஆறு பெருகிக் கிடந்தாலோ, படகை ஏற்றி இறக்கும் லாக் என்ற கதவுத்தொட்டி ஒன்று பழுதாகி மூடியிருந்தாலோ, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படகை ஒப்படைக்க முடியாது. எனவே வளையப் பயணத்தைத் திட்டமிடும்போது எங்கே என்ன பார்க்கலாம் என்பதற்கு முன்னால், எந்த இடம்வரை திரும்ப முடியும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதுவரை படகே ஓட்டாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நேரோபோட் என்பது ஒடுங்கிய, நீண்ட கால்வாய்ப் படகு. அதை வாடகைக்கு எடுத்து ஓட்ட உரிமம் தேவையில்லை. கேரளப் படகுவீட்டில் ஓட்டுநரும் சமையல்காரரும் உடன் வருவார்கள். இங்கே ஓட்டுநர், சமையல்காரர், லாக் திறப்பவர் எல்லாம் நீங்கள்தான்.

முதலில் கணக்கு

நேரோபோட்டின் அகலம் சுமார் 6 அடி 10 அங்குலம். 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட 7 அடி லாக்குகளுக்குள் நுழைய வேண்டும் என்பதால் வந்த அளவு அது. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். நடைமுறையில் அந்த வேகமும் கிடைக்காது: கரையில் கட்டியிருக்கும் ஒவ்வொரு படகையும் கடக்கும்போது எஞ்சினை மிக மெதுவாக்க வேண்டும்.

படகுக்காரர்கள் பின்பற்றும் கணக்கு எளிது. பாதையின் மைல்களையும் லாக்குகளையும் கூட்டுங்கள். 3 ஆல் வகுங்கள். வருவது மணி நேரம். கைதேர்ந்தவர்கள் 4 ஆல் வகுப்பார்கள். நீங்கள் 3 ஆல் வகுங்கள்.

கால்வாயும் ஆறும் கலந்த வளையங்களில் மூன்றை எடுத்துப் பார்ப்போம். மூன்றும் வூஸ்டர் நகரைத் தொடுபவை. ஏவான் வளையம் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபர்ட் வழியாகப் போகிறது. மைலும் லாக்கும் சேர்த்து ஏறத்தாழ 240, அதாவது 80 மணி நேரம். ஸ்டோர்போர்ட் வளையம் பர்மிங்காம், உல்வர்ஹாம்ப்டன் நகரங்களைச் சுற்றி வருகிறது. கூட்டுத்தொகை ஏறத்தாழ 190, அதாவது 63 மணி நேரம். இதை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று விளம்பரங்கள் சொல்லும். முடிக்கலாம்தான். சனி பிற்பகலில் எடுத்து அடுத்த சனி காலையில் கொடுத்தால் கையில் இருப்பவை ஆறு முழு நாள்கள். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்ட வேண்டும். அதில் டார்டபிக் என்ற ஒரே வரிசையில் 30 லாக்குகள் இருக்கின்றன. பிரிட்டனில் அதைவிட நீண்ட வரிசை இல்லை. விடுமுறைக்குப் போய்க் கூலி வேலை செய்துவிட்டு வந்த உணர்வுதான் மிஞ்சும்.

மூன்றாவது, நடு வூஸ்டர்ஷயர் வளையம். 21 மைல், 33 லாக். கூட்டினால் 54, வகுத்தால் 18 மணி நேரம். திங்கள் பிற்பகல் முதல் வெள்ளி காலை வரையிலான நான்கு இரவு வாடகையில் நிதானமாக முடியும். முதல் பயணத்துக்கு நான் சொல்வது இதைத்தான். குறுகிய லாக், அகல லாக், ஒட்டிக் கட்டிய இரட்டை லாக், சிறு சுரங்கம், சுழல் பாலம், பெரிய ஆறு என்று எல்லாமே இந்தச் சிறிய வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன.

இப்படி ஒரு வளையம் இருப்பதே அண்மைக் காலத்தில்தான். வளையத்தில் வரும் டிராய்ட்விச் உப்பு ஊர். அதன் நிலத்தடி உப்புநீர் கடல்நீரைவிடப் பன்மடங்கு கரிப்பானது. ரோமானியர்களே அந்த ஊருக்கு உப்பை வைத்துத்தான் பெயரிட்டார்கள். அந்த உப்பைச் செவர்ன் ஆற்றுக்குக் கொண்டுசேர்க்க ஜேம்ஸ் பிரிண்ட்லியின் மேற்பார்வையில் வெட்டப்பட்ட கால்வாய் 1771இல் திறந்தது. ஊரின் மறுபக்கத்தை வூஸ்டர்-பர்மிங்காம் கால்வாயோடு இணைக்கும் துண்டு 1854இல் வந்தது. ரயிலோடு போட்டியிட முடியாமல் இரண்டும் நலிந்து, 1939இல் சட்டப்படி கைவிடப்பட்டன. தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகள் சேறு அள்ளி, லாக்குகளைத் தோண்டி எடுத்து, 2011இல் மீண்டும் படகு ஓட வழி செய்தார்கள்.

படகைப் பதிவு செய்யும்போது

பருவம் மார்ச் முதல் அக்டோபர் வரை. குளிர்காலத்தில் பராமரிப்புக்காக லாக்குகளை மூடுவார்கள். பள்ளி விடுமுறை வாரங்களில் வாடகை ஏறிவிடும். மே மாதமும் செப்டம்பரும் என் தேர்வு. ஆற்றுப்பகுதி இருப்பதால் மார்ச், அக்டோபர் இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

தொடங்கும் இடம் முக்கியம். வூஸ்டரில் எடுத்தால் நேரே வளையத்தின்மீதே இருப்பீர்கள். சற்று வடக்கே ஸ்டோக் பிரயரில் எடுத்தால் வளையத்தை அடைய ஆஸ்ட்வுட் என்ற ஆறு லாக்குகளில் இறங்கி, கடைசி நாளில் அதே ஆறில் ஏறி வர வேண்டும். 12 லாக், அதாவது நான்கு மணி நேரம் கூடுதல். கட்டணத்தை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஆறு பேர் படுக்கலாம்" என்று எழுதியிருந்தால், சாப்பாட்டு மேசையை இரவில் கழற்றிக் கட்டிலாக மாற்றினால் ஆறு பேர் என்று பொருள். படகின் உள்ளகலம் ஒரு மனிதர் கைகளை விரித்து நிற்கும் அளவுதான். நான்கு பேருக்கு ஆறு பேர் படகு எடுத்தால் சண்டையில்லாமல் ஊர் திரும்பலாம். நீளம் 50 அடியை ஒட்டி இருந்தால் புதியவர் கைக்கு அடங்கும். 70 அடிப் படகை வளைவில் திருப்புவது தனி வித்தை. ஆள்கள் மூவராவது இருப்பது நல்லது: ஒருவர் சுக்கானில், இருவர் லாக்கில்.

பதிவு செய்யும்போதே நான்கு கேள்விகள் கேளுங்கள். செவர்ன் ஆற்றில் இறங்க வாடகை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா? ஆறு பெருகினால் என்ன செய்யச் சொல்வார்கள்? டீசல் கட்டணத்தில் அடங்குமா, ஓடிய அளவுக்குத் தனியா? குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் சரியான அளவில் லைஃப் ஜாக்கெட் தருவார்களா? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

நம் சமையலறை

படகில் எரிவாயு அடுப்பும் சிறிய குளிர்சாதனப் பெட்டியும் இருக்கும். மின்சாரம் எஞ்சின் நிரப்பும் பேட்டரியிலிருந்து வருவது. போன் சார்ஜ் ஆகும். ரைஸ் குக்கர், மிக்ஸி, மின்கெட்டில் ஆகியவை பெரும்பாலும் அந்த அமைப்பைத் திணறடித்துவிடும். சிறிய பிரஷர் குக்கரைக் கையோடு எடுத்துப் போங்கள். புளிக்காய்ச்சலும் இட்லிப்பொடியும் எண்ணெயும் இருந்தால் முதல் இரண்டு நாள் ஓடிவிடும். தாளிக்கும் புகைக்கு எச்சரிக்கை மணி அலறும். சன்னலைத் திறங்கள், மணியின் பேட்டரியைக் கழற்றாதீர்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைக்கவும் கூடாது. மூடிய படகில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

குடிநீர்த் தொட்டியை நாளுக்கு ஒருமுறை நிரப்பப் பழகுங்கள்; வழியில் குழாய்கள் உண்டு, அவற்றின் இடங்கள் வரைபடத்தில் இருக்கும். கால்வாய் நீர் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே சாப்பிடுங்கள். எலிக்காய்ச்சல் இங்கேயும் உண்டு. பெட்டிக்குப் பதிலாக மடிக்கக்கூடிய துணிப்பை, வழுக்காத செருப்பு, வேலைக்கான கையுறை, மழைச்சட்டை. இவை போதும்.

படகைக் கையில் வாங்கும் நேரம்

நிறுவனத்தின் ஆள் ஒருவர் படகைக் காட்டிக்கொடுப்பார். அவர் வேகமாகப் பேசுவார், நீங்கள் தலையாட்டுவீர்கள், பத்து நிமிடத்தில் பாதி மறந்துவிடும். கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ள சிறு மூடியைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையோ கயிறோ உந்துவிசிறியில் சுற்றினால் அந்தத் திறப்பின் வழியாகத்தான் கைவிட்டு எடுக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, சாவியைக் கழற்றிய பிறகே கைவிடலாம். வேலை முடிந்ததும் மூடியை இறுக்கித் திருகாவிட்டால் தண்ணீர் உள்ளே ஏறிப் படகே மூழ்கலாம்.

சுக்கான் தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் போகும். படகு நடுப்பகுதியை மையமாகக் கொண்டு சுழலும், அதுவும் ஒரு நொடி தாமதமாக. பிரேக் கிடையாது; பின்னோக்கி ஓட்டுவதுதான் பிரேக். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். சாலைப் பழக்கத்தில் இடப்பக்கம் போய்விடாதீர்கள். சேற்றில் தட்டினால் எஞ்சினை முடுக்காமல், பின்னோக்கி மெதுவாக இழுத்து, நீண்ட கழியால் தள்ளுங்கள். கை, கால், முதுகு எதையும் படகுக்கும் சுவருக்கும் இடையே கொடுக்க வேண்டாம். பதினைந்து டன் இரும்பை யாரும் காலால் நிறுத்த முடியாது.

லாக் திறக்கும் முறை

லாக் என்பது இரு முனையிலும் கதவுகள் உள்ள கல்தொட்டி. கதவிலும் தரையடிக் குழாய்களிலும் மதகுகள் இருக்கும். எல் வடிவ இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் மதகு எழும், தண்ணீர் பாயும். தொட்டியின் மட்டமும் வெளிமட்டமும் சமமானால்தான் கதவு அசையும். சமமாகும் முன் எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் பயனில்லை, சமமானதும் ஒருவரே தள்ளிவிடலாம்.

ஏறும்போது: தொட்டி காலியாக இருக்க வேண்டும். உள்ளே நுழைந்து, கீழ்க்கதவுகளையும் அவற்றின் மதகுகளையும் மூடுங்கள். மேல் மதகுகளைப் பாதியளவு மட்டும் முதலில் தூக்குங்கள், அதிலும் தரைமதகை முதலில். கதவுமதகை அவசரப்பட்டுத் திறந்தால் படகின் முன்பகுதியில் தண்ணீர் கொட்டும். படகு நன்றாக உயர்ந்த பிறகு முழுவதும் திறக்கலாம்.

இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். மேல்கதவுக்கு உள்ளே, தண்ணீருக்கு அடியில், ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்திருக்கையில் அது கண்ணுக்குத் தெரியாது. படகின் பின்பகுதி அதன்மேல் நின்றால், தண்ணீர் வடிய வடிய முன்பகுதி இறங்கும், பின்பகுதி மாட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் படகு கவிழ்ந்து மூழ்கிவிடும். கல்திட்டு எதுவரை என்பதைச் சுவரில் வெள்ளைக் கோடாக வரைந்திருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் படகை வைத்திருப்பது மட்டுமே சுக்கான்காரரின் வேலை, அப்போது அவர் தேநீர் குடிக்கக்கூடாது. இறங்கும் படகைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் இதே கேட்டைத்தான் தரும். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் உடனே எல்லா மதகுகளையும் மூடுங்கள், பிறகு யோசிக்கலாம்.

இரும்புக் கைப்பிடியை மதகில் செருகியபடியே விட்டுவிட்டு நகராதீர்கள். பல்சக்கரம் நழுவினால் அது சுழன்று பறக்கும். லாக்கைவிட்டுப் போகும்போது கதவுகளையும் மதகுகளையும் மூடிவிட்டுப் போங்கள். ஒருமுறை நிரப்பி வடிப்பதில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கீழே போகிறது. எனவே எதிரே படகு வருகிறதா என்று பார்த்து, அவர்களுக்குச் சாதகமாக நிறைந்திருக்கும் லாக்கை அவர்களுக்கே விட்டுக்கொடுப்பது இங்கே மரியாதை.

எந்தத் திசை?

இரண்டு பக்கமும் வாதம் உண்டு. முதலில் ஆற்றில் இறங்கினால், ஆறு பெருகியிருந்தாலும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். ஆற்றை விட்டுவிட்டுக் கால்வாயில் போய்வரலாம். ஆனால் படகைத் தொட்டு இரண்டு மணி நேரம் ஆனவர், அகன்ற ஆற்றில் எதிர்நீரோட்டத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். நான் கால்வாயை முதலில் வைத்து, ஆற்றைக் கடைசி நாளுக்குத் தள்ளுவேன். அதற்குள் கை பழகியிருக்கும், செவர்னில் நீரோட்டத்தோடு போகலாம். இதற்கு ஒரு நிபந்தனை: திரும்பும் புள்ளியை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். அந்தப் புள்ளி, டிராய்ட்விச் கால்வாய் பிரியும் இடமான ஹான்பரி.

திங்கள் பிற்பகல். வூஸ்டரிலிருந்து வடக்கே, கிரெகரிஸ் மில், பில்ஃபர்ட் என்று இரண்டிரண்டாக நான்கு லாக். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். இருட்டிய பிறகு வாடகைப் படகு ஓடக்கூடாது. மற்ற படகுகள் கட்டியிருக்கும் இடமாகப் பார்த்துக் கரைப்பாதைப் பக்கம் கட்டுங்கள்.

செவ்வாய். மீதி எட்டு லாக்குகள். அவற்றில் ஆறு, ஆஃபர்டனில் வரிசையாக. அதற்குப் பிறகு ஹான்பரிவரை லாக்கே இல்லை. டிபர்டன் கிராமம், டன்ஹாம்ப்ஸ்டெட்டில் 230 கெஜச் சுரங்கம், இரு பக்கமும் வயல். சுரங்கத்தில் முன்விளக்கைப் போட மறக்காதீர்கள். மாலைக்குள் ஹான்பரி வந்துவிடலாம்.

அன்றிரவு செவர்னின் நீர்மட்டத்தைப் பாருங்கள். தலைக்குமேல் வானம் தெளிவாக இருப்பதை நம்ப வேண்டாம். செவர்ன் வேல்ஸ் மலைகளில் பிறப்பது. அங்கே பெய்த மழை வூஸ்டருக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். சுற்றுச்சூழல் முகமை ஆற்று அளவீடுகளை இணையத்தில் வெளியிடுகிறது. ஷ்ரூஸ்பரி, பியூட்லி ஆகிய மேல்நிலையங்களில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் வியாழனன்று உங்களிடம் வரப்போகும் தண்ணீர் அது. கால்வாய் அறிவிப்புகளை, கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்டு ரிவர் டிரஸ்ட் தன் தளத்தில் போடுகிறது. ஐயம் இருந்தால் படகு நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். ஆறு சரியில்லை என்றால் ஹான்பரியிலேயே திரும்புங்கள். வந்த வழியே வூஸ்டர் போக எட்டு மணி நேரம்தான். கையில் இரண்டு நாள் இருக்கிறது. டிராய்ட்விச்சைப் பார்க்க ஆசையிருந்தால் படகைக் கட்டிவிட்டு நடந்தே போய்வரலாம். ஆனால் ஹான்பரியைத் தாண்டி டிராய்ட்விச்வரை படகில் இறங்கிய பிறகு மனம் மாறினால், திரும்பிவர ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். வியாழன் இரவு வெகுநேரம் தவிக்க வேண்டிவரும்.

புதன். ஹான்பரியில் மூன்று லாக், பிறகு ஒட்டிக் கட்டிய இரட்டை லாக். இரட்டை லாக்கில் முதல் தொட்டியின் தண்ணீர் இரண்டாவதற்குள் நேரே இறங்கும். வரிசை மாறினால் கரை வழிந்துவிடும், அங்குள்ள குறிப்புப் பலகையைப் படித்த பிறகே கைப்பிடியைத் தொடுங்கள். அடுத்து எம்5 நெடுஞ்சாலைக்கு அடியில் தாழ்வான ஒரு குகைவழி. கூரைமேல் இருக்கும் சைக்கிள், பூந்தொட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, தலையையும் தாழ்த்திக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் டிராய்ட்விச்சின் வைன்ஸ் பூங்கா வந்துவிடும். சுழல் பாலங்களைத் திறந்து மூடுவதைக் குழந்தைகள் விரும்புவார்கள். மீதி நாளை ஊரில் செலவிடுங்கள்.

செவர்ன்

வியாழனன்று சீக்கிரம் புறப்படுங்கள். பிரிண்ட்லியின் கால்வாய் நாணல் அடர்ந்தது. சில இடங்களில் இரு பக்கமும் நாணல் படகை உரசும், எதிரே வருபவர் கடைசி நொடியில்தான் தெரிவார். அதனால் நிதானம் வேண்டும். ஆறும் அவசரப்பட வேண்டிய இடமில்லை, ஆனால் அங்குள்ள லாக்கைப் பணியாளர் இயக்குவதால் அதற்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. முந்தின நாளே நேரத்தைப் பார்த்து வையுங்கள்.

கால்வாய் செவர்னைச் சேரும் ஹாஃபர்டில் கடைசி லாக்குகளில் இறங்கும் முன் படகைக் கட்டிவிட்டு, நடந்துபோய் ஆற்றைக் கண்ணால் பாருங்கள். செவர்னில் மட்டக் குறிகள் மூன்று நிறத்தில் இருக்கும். பச்சையில் தண்ணீர் நின்றால் போகலாம். மஞ்சளில் புதியவர் போகக்கூடாது. சிவப்பில் யாருமே போகக்கூடாது. பழுப்புத் தண்ணீரில் மரக்கிளைகள் மிதந்து வந்தால் குறியைப் பார்க்கவே தேவையில்லை.

எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணியட்டும், நீந்தத் தெரிந்தவர்களும்கூட. நங்கூரம் படகோடு கட்டப்பட்டு, எடுத்துப்போடத் தயாராக இருக்க வேண்டும். கட்டப்படாத நங்கூரத்தை வீசியவர்கள் உண்டு. எஞ்சின் நின்றால் அணைக்கட்டை நோக்கி மிதக்கும் படகை நிறுத்த வேறு வழி கிடையாது.

ஆற்றில் இறங்கி இடப்பக்கம் திரும்பினால் நீரோட்டத்தோடு போவீர்கள். விரைவிலேயே பெவெரி லாக். ஆறு இங்கே தீவைச் சுற்றிப் பிரிகிறது. ஒரு பக்கம் அணை, மறுபக்கம் லாக். பலகை காட்டும் பக்கமே போங்கள். விளக்கு பச்சையாகும்வரை வெளியே காத்திருங்கள். உள்ளே கயிறுகளை முன்னும் பின்னும் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும், கட்டிவிடக்கூடாது. எஞ்சினை அணைக்கச் சொன்னால் அணையுங்கள்.

அதன்பிறகு சில மைல்கள், பயணத்திலேயே மிக அகன்ற தண்ணீர். குதிரைப்பந்தய மைதானம், பாலங்கள், அன்னக் கூட்டம், இடப்பக்கம் பேராலயம். 1216இல் இறந்த ஜான் மன்னரின் கல்லறை அதற்குள் இருக்கிறது. பேராலயத்துக்குக் கீழே ஆற்றோர வாயில் சுவரில் 1770, 1947 வெள்ளங்கள் எதுவரை வந்தன என்று செதுக்கியிருக்கிறார்கள். படகிலிருந்து அந்த உயரத்தைப் பார்த்தால் செவ்வாய் இரவு ஏன் நீர்மட்டம் பார்க்கச் சொன்னேன் என்று விளங்கும்.

பேராலயம் கடந்ததும் இடப்பக்கம் டிக்லிஸ் கால்வாய் நுழைவாய். அதைத் தவறவிட்டால் கீழே ஆற்று லாக்கும் அணையும் வந்துவிடும். நீரோட்டம் வலுவாக இருந்தால் குறுக்கே திருப்பி நுழைய முயல வேண்டாம். தண்ணீர் படகின் பின்பகுதியை அடித்துச் சென்றுவிடும். முதலில் மூக்கை மேல்நோக்கித் திருப்பி, நீரோட்டத்தை எதிர்த்து மெதுவாக நெருங்குங்கள். ஓட்டம் தளர்வாக இருந்தால் இது எதுவும் வேண்டாம். பிறகு இரண்டு அகல லாக்குகள், மதகுகள் கனமானவை. அவற்றைத் தாண்டினால் டிக்லிஸ் துறை, படகுகள் நெருக்கமாக நிற்கும் அமைதியான நீர்.

நகருக்குள் இன்னும் இரண்டு லாக். சிட்பரி லாக்கின் கரையிலுள்ள பழைய கட்டடம் 1651 வூஸ்டர் போரில் அரசர் தரப்பின் தலைமையிடமாக இருந்தது, இப்போது அருங்காட்சியகம். படகை எடுத்த துறைக்கு வியாழன் மாலையே வந்து அங்கேயே தூங்குங்கள். காலையில் ஏழு மணிக்கு மெத்தைகளைச் சுருட்டி, பாத்திரம் கழுவி, குப்பையைக் கட்டி வைத்துவிட்டால் ஒன்பதுக்குச் சாவி கைமாறும். முன்பணம் திரும்பக் கிடைப்பது டீசல் அளவைப் பார்த்த பிறகு. ஆகவே பதினொரு மணிக்கு முன்னால் புறப்படும் ரயிலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.